மேல் வீட்டு மண்

போன செவ்வாய்க்கிழமை ஒரு மரத்தை வெட்டவைத்துவிட்டு வந்தேன்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் உத்தியோகம் முழுக்க இந்தப் பதுளை மாவட்டத்தில்தான். மரம் நடுங்கள், மரம் நடுங்கள் என்று சொல்லியே பென்ஷனுக்கு வந்துவிட்டேன். வெட்டுங்கள் என்று சொன்ன மரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் இப்படி ஒரு மரம்... சரி, நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு போன் வந்தது.

"பேப்பர்ல எழுதுற மிஸ்ஸுங்களா? நான் பாக்கியம் பேசுறேங்க. என் அலிப்பேர மரமெல்லாம் சாகுதுங்க மிஸ். மருந்து இருந்தாச் சொல்லுங்க. இல்லாட்டி நல்லா மந்திரிக்கிறவங்க யாரையாச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்க."

அலிப்பேர என்றால் ஆனைக்கொய்யா. கொழும்பு ஹோட்டல்களில் அவகாடோ என்று எழுதி விலையை ஏற்றி விற்கிறார்களே, அதே பழம்தான். மரத்துக்கு மருந்து கேட்பவர்கள் எனக்குப் புதிதல்ல. மருந்தையும் மந்திரத்தையும் ஒரே மூச்சில் கேட்டது இந்த அம்மாதான்.

"ஏன் மந்திரிக்க வேணும்? என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"மேல் வீட்டுக்காரரு செத்தவங்க மண்ணக் கொண்டாந்து கொட்டுறாருங்க. வருசா வருசம். அந்த மண்ணுதான் மிஸ் மரத்தக் கொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்த திமிர் — வேறென்ன? மண்ணில் செத்தவர் மண், இருப்பவர் மண் என்று ஜாதி இருக்கிறதா? ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்டிருக்கும். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பண்டாரவளையில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, கடைசித் துண்டைத் த்ரீவீலரில் போய்ச் சேர்ந்தேன். மண்சரிவில் லயத்தை, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளை, இழந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. மலையைப் படிப்படியாக வெட்டி, வெட்டிய மண்ணையே நிரவி, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் என்று பிரித்திருக்கிறார்கள். எந்தச் சரிவு என்று எழுதப் போவதில்லை. இந்த ஊவா மாகாணத்தில் சரிவுக்கா பஞ்சம்? மழைக்காலத்தில் ரேடியோவில் எச்சரிக்கை வாசிக்கும்போது யார் ஊர்ப் பெயர் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிற ஜனம் நாங்கள்.

உச்சியில் ஒரு வீடு. அதற்கு நேர் கீழே பாக்கியத்தின் வீடு. அதற்கும் கீழே ஒன்றன் கீழ் ஒன்றாக இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகள். குடியேறிய புதிதில் யாரோ புண்ணியவான்கள் ஆனைக்கொய்யா ஒட்டுக்கன்று கொடுத்திருக்கிறார்கள். எல்லார் வீட்டுப் பின்பக்கத்திலும் அதுதான் நிற்கிறது.

பாக்கியத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் போய்விட்டதால் கொழுந்து பறிக்கப் போவதில்லை. சீசனில் பண்டாரவளையிலிருந்து பழ வியாபாரி நானா ஒருவர் வந்து காய்களை எடுத்துப் போவார். அவள் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான்.

"பொறந்ததுல இருந்து கம்பனிச் செடியத்தான் மிஸ் தொட்டேன். நட்டதும் நான், பறிக்கிறதும் நான்னு இருக்கிறது இந்த அஞ்சு மரந்தாங்க. கண்ணு முன்னாலயே போகுது."

ஐந்தில் இரண்டு மொட்டை. மூன்றாவதன் உச்சிக் கொப்புகள் காய்ந்து விறகாக நின்றன. மற்ற இரண்டிலும் இலைகள் சிறுத்து, வெளிறி, வாடித் தொங்கின. அடியில் ஒரு வாளி.

"வாளி என்னத்துக்கு?"

"வாடுதில்லீங்களா... ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறேன் மிஸ்."

கார்த்திகை மழை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிழிந்தேன். மணிக்கட்டு வரை தண்ணீர் வழிந்தது. இதற்கு மேலும் இரண்டு வேளை வாளி!

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? வாடினால் தண்ணீர் ஊற்று என்றுதானே நமக்கெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனைக்கொய்யா அப்படியல்ல. அதன் உணவு வேர்கள் மண்ணின் மேலாகவே பரவியிருக்கும், நூல் கணக்கில் மெல்லியவை. ஈரம் தேங்கினால் அவைதான் முதலில் அழுகும். உறிஞ்ச வேர் இல்லாத மரம், தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். நாம் அதன் முகத்தைப் பார்த்து இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம்.

"தண்ணி ஊத்தாதேங்கோ அம்மா. இது தாகத்தாலை வாடினது இல்லை," என்று சொல்லிவிட்டு, அவளுடைய மம்பட்டியை வாங்கி மூன்றாவது மரத்தடியைக் கொத்தினேன். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், வளைத்தால் வளையும். இங்கே வந்தது எல்லாம் கறுப்பு. விரலால் தொட்டதும் முறிந்தது.

வேரழுகல்தான். சந்தேகமே இல்லை.

இதைக் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. ஈர மண்ணில் நீந்தும். ஓடுகிற தண்ணீரோடு இறங்கும். மம்பட்டியிலும் செருப்பிலும் கன்றுப் பையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். ஆனால் இல்லாத இடத்தில் தானாக முளைக்காது. யாராவது கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்தது யார்?

நிமிர்ந்து மேல் வீட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு ஆனைக்கொய்யா நின்றது. உச்சி காய்ந்து, நான் கொத்திய மரத்தைவிட மோசமாக.

மேல் வீட்டுக்காரர் பெயர் செல்வராஜ். அறுபதை நெருங்கியவர். தோட்டத்தில் கான் வெட்டும் வேலை பார்த்தவர். கான் என்றால் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் போவதற்காக வெட்டுகிற வடிகால். மனைவி நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கொழும்பில் வேலை. வீட்டில் தனி ஆள்.

மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண் குவிந்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையடித்த கற்கள். குவியலின் மேல் வாடிய செவ்வந்திப் பூ. எனக்கு மரம் மட்டும்தான் தெரிந்தது. ஆனைக்கொய்யாத் தண்டை இப்படி மண்ணால் மூடினால் மூச்சு முட்டி அழுகும் என்று திட்டுவதற்கே வாயைத் திறந்தேன். நல்ல வேளை, முதலில் கேள்வியாகக் கேட்டேன்.

"ஐயா, இந்த மண் எங்கயிருந்து வந்தது?"

"எங்க பழைய லயத்து மண்ணுங்க. எம் மக அங்கதாங்க இருக்கா."

இருந்தாள் என்று சொல்லவில்லை. இருக்கா என்றார்.

கவிதா. பதினான்கு வயது. அன்று காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தாள். அப்பா மருந்து வாங்க டவுனுக்குப் போனார். திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் மலை இருந்தது.

"பெக்கோ மிசினெல்லாம் கொண்டாந்து தேடுனாங்க மிஸ். கொஞ்ச நாளு தேடிட்டு, இனிமே தேடி பிரயோசனம் இல்லன்னு நிறுத்திட்டாங்க. புதைக்கவும் இல்ல, எரிக்கவும் இல்ல. போட்டோவ வச்சுத்தாங்க கருமாதி செஞ்சோம்."

வருடா வருடம் அதே நாளில் அங்கே போவார். இடமெல்லாம் மானாப்புல் மூடிவிட்டது. எது யாருடைய வீடு என்று சொல்ல ஒரு கல்கூட இல்லை. சரிவின் ஓரத்தில் தப்பி நின்றது ஒரே ஒரு ஆனைக்கொய்யா மரம். அந்த மரத்திலிருந்து ஆறாவது காம்பரா, அந்த லயத்து அறை, இவர்களுடையது. மரத்தடியில் சூடம் கொளுத்தி, அங்கேயே ஒரு உரப்பை நிறைய மண் அள்ளிக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவார். கொண்டுவந்து இந்த மரத்தடியில் போடுவார். அவருக்கு மகளின் சமாதி இதுதான்.

"அந்த மரம் இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"அதுவும் மொட்டையாத்தாங்க நிக்குது. கொஞ்சம் கொஞ்சமா எல கொட்டிப் போச்சு. அதுக்கும் வெசனம்னு நெனச்சேன் மிஸ்."

ஆக, பாக்கியம் சொன்னது சரி. அந்த மண்தான் மரத்தைக் கொல்கிறது. அவள் சொன்ன காரணம் மட்டும்தான் பிழை. அவள் சொன்னதற்குப் போனில் சிரித்த நான், விஞ்ஞானம் படித்தவள்! எந்த ஊர்ப் பேச்சையும் சிரித்துத் தள்ளுமுன் ஒரு தடவை மம்பட்டியால் கொத்திப் பார்ப்பது நல்லது என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

வேரழுகலைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருப்பேன்? சார்ட் தொங்கவிட்டு, வெள்ளை வேர், கறுப்பு வேர் என்று படம் காட்டி... இந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது என்று எந்த சார்ட்டிலும் இல்லை.

சொன்னேன். வேறு வழி? மண்ணிலே ஒரு நோய் இருக்கிறது, பழைய மரத்துக்கு வந்த அதே நோய்தான் இந்த மரத்துக்கும் வந்திருக்கிறது, மழை பெய்யப் பெய்யத் தண்ணீரோடு கீழே இறங்குகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் குவியலின் ஓரத்தில் குந்திவிட்டார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் போதனாசிரியர் புத்தி பரிகாரம் சொல்லாமல் விடாதே!

"மண்ணை நல்லாச் சூடாக்கினால் கிருமி செத்துப்போகும் ஐயா. பெரிய பானையிலை போட்டு, மூடி, அரை மணித்தியாலம் அடுப்பிலை வச்செடுத்தால்..."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"புள்ளைய அடுப்புல வைக்கச் சொல்றீங்களாங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விளக்கம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கோ என்று சொன்னது அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

பிறகு அவராகவே கேட்டார்.

"பாக்கியம் மரம் போனது இதுலதானுங்களா?"

"ஓம்."

"அதுக்குக் கீழ உள்ளவங்களது?"

"இன்னும் போகேல்லை. ஆனால் இறங்கும். அடுத்த மழையோ, அதுக்கடுத்த மழையோ..."

எழுந்து தன் நிலத்தின் விளிம்புக்குப் போனார். கீழே தெரிந்த கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த வீடுகளில் இருப்பவர்கள் எல்லாரும் அதே சரிவில் தப்பியவர்கள். வீட்டுக்கு ஒரு சாவாவது உண்டு. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"மேல இருந்து வந்த மண்ணுதான் மிஸ் எங்கள அழிச்சுச்சு," என்றார். "இப்ப நான் மேல குந்திக்கிட்டு, கீழ இருக்கிறவங்களுக்கு மண்ணு அனுப்பிக்கிட்டு இருக்கேனா?"

உள்ளே போய்க் கோடாலியை எடுத்து வந்தார்.

முதல் வெட்டுச் சத்தம் கேட்டதும் பாக்கியம் முழங்கால் வலியையும் மறந்து மேலே ஏறி வந்தாள். மந்திரிக்க ஆள் கேட்ட அதே பாக்கியம்தான். கோடாலிக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"வேணாண்ணே! எம் மரம் போனாப் போகட்டும். புள்ள மரத்த வெட்டாதண்ணே. நான்தாண்ணே வாய் வச்சேன், என்னைய நாலு அடி வேணா அடிச்சிரு..."

"நகரு பாக்கியம். ஒம் மேல பட்டுரும்."

"வேணாம்ணே..."

"அவ இருந்தா அவளே வெட்டச் சொல்லியிருப்பா. நகரு."

அவள் நகர்ந்தாள். மரம் பெரிதில்லை, அழுகின மரம் வேறு. சீக்கிரம் விழுந்துவிட்டது. விழுந்த பிறகு பாக்கியம்தான் அழுதாள். அவர் அழவில்லை. என்ன மிஸ் அடுத்தது என்று கேட்டார்.

அடுத்தது என்ன என்று நீங்களும் கேட்பீர்கள். ஆனைக்கொய்யா வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இந்தப் பத்தியை வாசிக்கிறீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். வேரோடு தோண்டி அங்கேயே எரிக்க வேண்டும். அந்தக் குழியில் மறுபடி ஆனைக்கொய்யா நடக்கூடாது. பாக்கியத்தின் இரண்டு மொட்டை மரங்களும் அதே கதிக்குப் போயின. மூன்றாவதைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை. மற்ற இரண்டுக்கும் மரத்தில் ஊசி மாதிரி ஏற்றுகிற மருந்து ஒன்று உண்டு. தொடக்கத்தில் பிடித்தால் கைகொடுக்கும். அதைவிடப் பெரிய மருந்து தண்ணீரை நிற்கவிடாமல் போகவிடுவது. புதிதாக நடுபவர்கள் குழிக்குள் நடாதீர்கள், மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். நட்ட பிறகு தண்டில் மண் அணைக்காதீர்கள். மரத்தடிக்குச் சருகு போடுங்கள், தண்டில் படாமல். கன்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு மரத்தடியில் கொத்திய மம்பட்டியைக் கழுவித் துடைக்காமல் இன்னொரு மரத்தடிக்குக் கொண்டு போகாதீர்கள். மம்பட்டி இரவல் கொடுக்காத லயம் உண்டா? அதனால்தான் சொல்கிறேன்.

செல்வராஜுக்கு நான் கான் பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே, வரும் தண்ணீர் எல்லாம் பக்கத்து ஓடைக்குத் திரும்புகிற மாதிரி ஒரு கான் வெட்டினார். கயிறும் பிடிக்கவில்லை, அளவுகோலும் வைக்கவில்லை. கண்ணாலேயே வாட்டம் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அப்படி ஒரு கான் வெட்ட இன்றைக்குத் தோட்டங்களில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் தெரியவில்லை.

வெள்ளைக் கல்லுக்குள் குவிந்திருந்த மண்ணை அவர் வெளியே எறியவில்லை. நானும் எறியச் சொல்லவில்லை. கையால் அள்ளி, வீட்டிலிருந்த பெரிய அலுமினியப் பானையில் போட்டு, உள்ளே சிமெந்துத் தரையில் மகளின் போட்டோவுக்குக் கீழே வைத்தார். ஈரம் படாமல், வாசல் தாண்டாமல் இருந்தால் யாருக்கும் கேடு இல்லை என்று சொன்னேன். அடுத்த வருடம் போகும்போது சூடம் மட்டும் கொளுத்திவிட்டு, செருப்பைக் கழுவிவிட்டு வரவேண்டும் என்றும் சொன்னேன். தலையாட்டினார்.

கிளம்பும் முன் தேத்தண்ணி கொடுத்தார். பாக்கியம் படியில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா மிஸ்? ஒரு மரம் வாடுதுன்னு சொன்னதும் பதுளையில இருந்து வந்துட்டீங்க. மண்ணக் கிளறிப் பாத்தீங்க. தண்ணி எங்க நிக்குது, எந்தப் பக்கம் எறங்குதுன்னு எல்லாம் பாத்தீங்க. சரிவுக்கு முன்னால எங்க தோட்டத்துல கான் வெட்டுற வேலைய நிறுத்துனாங்க. ஆளுங்கள எல்லாம் வேற வேலைக்குப் போட்டாங்க. கான் பூரா தூந்து போச்சு. தண்ணி போக வழியில்லாம மலையிலேயே நின்னுச்சு. அத ஒருத்தராச்சும் வந்து பாத்தாங்களா மிஸ்?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். த்ரீவீலர் வந்துவிட்டது என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். சரிவுக்கு முந்தின வருடம், வீட்டுத்தோட்டப் போட்டிக்கு மார்க் போட அந்த லயத்துக்குப் போனவள் நான். மேலே கான்கள் தூர்ந்து கிடந்ததையும், தேயிலைக்கு நடுவே தண்ணீர் தேங்கி நின்றதையும் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

போஞ்சிப் பாத்திக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டேன். மலை என் டிபார்ட்மென்ட் இல்லை என்று ஜீப்பில் ஏறிவிட்டேன்.